ரெண்டு வெள்ளை, ரெண்டு சிவப்பு

கிஃபாயத்துல்லா பினாங்குக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். தெருவில் எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் ஆட்களின் பேச்சில் அதற்கு அண்ணன் என்று பொருள். விமானம் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு கடைவீட்டின் மாடியில், அவருடைய கூடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று மணிக்குப் புறப்படும். அதே கட்டடத்தின் கீழே எனக்குத் தையல் கடையும் வீடும். நானும் பலமுறை போயிருக்கிறேன். பினாங்கில் இறங்கியது மட்டும் ரொம்பப் பின்னால்தான்.

காக்காவுக்கு மஸ்ஜித் இந்தியா தெருவில் சேலைக்கடை. அப்பா தொடங்கியது. ஒரு சேலையை இரண்டு விரலில் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டே இது எந்த ஊர்ப் பட்டு, எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவார். தொண்ணூற்றைந்தில், கடைச் சரக்குக் கணக்குக்கென்று பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சீனரிடம் கம்ப்யூட்டர் வாங்கினார். சீனர் பிரியப்பட்டு ஒரு விமான விளையாட்டு டிஸ்க்கையும் சேர்த்துக் கொடுத்தார். அதற்கு விளக்கப் புத்தகம் எதுவும் கிடையாது. சரக்குக் கணக்கு ரெங்கசாமியின் தலையிலேயே இருந்துவிட்டது. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. ரெங்கசாமி என்பவர் கடையில் இருபது வருஷத்துக்கும் மேலாக நின்ற ஆள்.

பயணிகள் சேர்ந்த கதை இப்படி. முதலில் காக்காவின் மனைவி முத்து பீவி, கணவர் என்னதான் செய்கிறார் என்று பார்க்கப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிள்ளானிலிருந்து வந்த முத்து பீவியின் தங்கை சௌதா பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று வீடு தள்ளியிருந்த சோமசுந்தரம் செட்டியார் நியூஸ்பேப்பர் கேட்டு வந்தவர், “எங்க போகுது?” என்றார். “பினாங்கு” என்றார் காக்கா. செட்டியார் வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, கையில் ஒரு பையோடு திரும்பி வந்தார்.

அடுத்த வாரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டிரண்டாக, நடுவில் வழிவிட்டுப் போடப்பட்டன. சன்னலோர நாற்காலி செட்டியாருக்கு. அது கூடத்தின் நிஜமான சன்னல். வெளியே ஒரு கார் பட்டறையின் பின்புறம் தெரியும். செட்டியார் அதைப் பார்த்துவிட்டு, “மேகமா இருக்கு” என்பார். சௌதா நல்ல சேலை கட்டிக்கொண்டு, வளையல் போட்டுக்கொண்டு வருவார். பாதி வழியில் முத்து பீவி மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப்பும் தேநீரும் கொடுப்பார். விமானம் மேலே ஏறும்போது யாரும் எழுந்து கழிவறைக்குப் போவதில்லை. அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை, தானாக வந்தது.

கிளம்புவதிலும் பறப்பதிலும் காக்கா கெட்டிக்காரர். வாரநாட்களில் கடை மூடிவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் தனியாகப் பழகுவார். பழகும்போதெல்லாம் அழகாக இறக்குவார். ஞாயிறு மதியம் மட்டும் விமானம் மோதும்.

காரணம் கடிகாரம். சீனர் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் மாற்றி வைத்துவிட்டார். விளையாட்டு அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வெளிச்சம் காட்டும். அதனால் நம் ஊரில் இருட்டியபின் காக்கா பழகும்போது உள்ளே நல்ல பகல். ஞாயிறு மூன்று மணிக்குப் பயணிகள் ஏறும்போது உள்ளே கும்மிருட்டு. பினாங்கை நெருங்கினால் கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாக விளக்குகள், அவ்வளவுதான்.

“கடிகாரத்த மாத்திட்டா என்ன காக்கா?” என்று கேட்டேன்.

“ஏறி உக்காந்த பிறகு பொழுது விடியட்டும்னு பைலட் சொல்ல முடியுமாலா?” என்றார். மரியாதைப் பிரச்சினை ஆகிவிட்டது.

மோதினால் திரையில் விரிசல் விழுந்தது போல ஒரு படம் வரும். பயணிகள் ஒவ்வொருவராக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மரண வீட்டிலிருந்து போவதுபோல் சொல்லாமல் படியிறங்குவார்கள். எனக்குக் கடையிலிருந்தே தெரிந்துவிடும். செருப்புச் சத்தம் சீக்கிரம் கேட்டால் மோதிவிட்டது என்று அர்த்தம்.

ஒருநாள் சௌதா வாசலில் நின்று, “மச்சான், என்னைய எத்தன தடவ கொல்லுவீங்க? நான் கிள்ளான்ல இருந்து பஸ் ஏறி வர்றேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் அவர் வரவில்லை. செட்டியார் வந்தார். ஆனால் உட்காருவதற்கு முன், “பாய், தப்பா நெனைக்காதீங்க. வீட்ல சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்” என்றார்.

அது காக்காவைத் தைத்துவிட்டது. கடையில் வாடிக்கையாளர் ஒருவர் முகம் சுளித்துப் போனாலே அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. இங்கே ஒரு விமானமே முகம் சுளித்துப் போகிறது.

“அந்த விளக்குல ஏதோ சூட்சுமம் இருக்கு. அது எனக்குப் பிடிபடல. வாங்க, சுபாங் ஏர்போர்ட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வருவோம்” என்று என்னைக் காரில் ஏற்றினார்.

விமான நிலையத்துக்கு வெளியே, வேலியோரமாகக் குடும்பங்கள் கார்களை நிறுத்திப் பிள்ளைகளுக்கு விமானம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேலே இறங்கிப் போனது. விளக்குகள் எரியத் தொடங்கின. நான் வாய் பிளந்து நின்றேன். ஓடுபாதையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை. அதன் இடப்பக்கம், வரிசையாக நான்கு சிவப்பு.

“அந்தச் செவப்பு நாலும் எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்க காக்கா!”

காக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஆமா ஆமா” என்றார். கொஞ்சம் கழித்து, “எந்தப் பக்கம்?” என்றார். கையை நீட்டிக் காட்டினேன். “ஆமா ஆமா” என்றார் மறுபடியும். கல்யாண வீட்டில் யாரென்று தெரியாத சொந்தக்காரரைப் பார்த்துச் சொல்வது போன்ற ஒரு ஆமா. நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

உண்மை வெளியே வந்தது மஸ்ஜித் இந்தியாவில், அவர் கடையில், ஒரு கல்யாண வியாபாரத்தின்போது. ஒரு ரவிக்கைக்கு லைனிங் துணி எடுக்க நானும் அன்று அங்கே இருந்தேன்.

மாப்பிள்ளை பெயர் ஜெயராஜ். பொண்ணு தனலெட்சுமி. இரண்டு வீட்டுப் பெண்களும் விரித்த சேலையை மடிக்கவிடாமல் இன்னும் இன்னும் என்று விரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயராஜ் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். பேச்சுவாக்கில் அவன் விமானம் ஓட்டப் படித்தவன் என்று தெரிந்தது.

“இப்ப எங்க ஓட்டுறீங்க தம்பி?”

“ஓட்டல பாஸ். மேல போனா வாந்தி வந்துரும். மூணு வாத்தியார் மேல எடுத்துட்டேன். இப்ப பெட்டாலிங் ஜெயாவுல இன்சூரன்ஸ்.”

காக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, எனக்கு அந்த லைட்டு சமாசாரம் சொல்லிக் குடுங்க. ஞாயித்துக்கெழம ஆளுங்கள ஏத்திட்டுப் போறேன். ஒருத்தரும் உயிரோட எறங்க மாட்டேங்கிறாங்க.”

பொண்ணு வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். நான் விளையாட்டைப் பற்றிச் சொல்லிச் சமாதானப்படுத்தினேன். ஜெயராஜுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. விரித்த சேலைகளை ஒதுக்கச் சொல்லி, வெள்ளை விரிப்பின் மேல் நீளமாக ஒரு கறுப்புத் துணியை உருட்டிவிட்டான்.

“இது ரன்வே. ரெண்டு ஓரமும் வெள்ள லைட்டு. கடைசிப் பகுதி வரும்போது மஞ்சளாயிரும். பாதை முடியப்போகுதுன்னு அர்த்தம். நீங்க எறங்குற முனையில குறுக்க பச்ச. அந்தக் கடைசியில குறுக்க செவப்பு. எறங்கின பிறகு திரும்பிப் போற சின்னப் பாதையில நீலம். எடுங்க பாஸ், பச்சைய மொதல்ல போடுங்க.”

ரவிக்கைத் துண்டுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. காக்கா வழக்கம்போல் கையைப் பின்னால் நீட்டி, “ரெங்கசாமி, பச்ச” என்றார். ரெங்கசாமி தேநீர் வாங்கப் போயிருந்தார். நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு காக்காவே ஒரு துண்டை எடுத்துப் பாதையின் முனையில் போட்டார்.

“பாஸ், அது அரக்கு.”

“ஆமா, அரக்கு” என்று வேறொன்றை எடுத்துப் போட்டார்.

“அதுவும் அரக்குதான் பாஸ். கொஞ்சம் டார்க்கு.”

தனலெட்சுமி எழுந்து வந்தாள். ஒரு கரும்பச்சைத் துண்டையும் ஒரு அரக்குத் துண்டையும் எடுத்து அவருடைய இரண்டு கையிலும் வைத்தாள்.

“அங்கிள், இது ரெண்டும் உங்களுக்கு ஒரே மாதிரியா தெரியுது?”

காக்கா இரண்டையும் விரலால் தடவினார். “ஒரே மாதிரியா? எப்படிம்மா? இது கிரேப், இது காட்டன்.”

“கலரு அங்கிள்.”

“கலரு...” என்றார் காக்கா. பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தார். எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். “பச்ச, அரக்குன்னு சொல்றதெல்லாம் நெசமாவே வேறவேறயா தெரியுமா உங்களுக்கு? நான் நம்ம யாவாரத்துல அடுக்கி வெக்கிறதுக்காக வெச்ச பேருன்னு நெனச்சேன். பாஸ்மதி, பொன்னிங்கிற மாதிரி.”

அவர் பொய் சொல்லவில்லை. போக்குவரத்து விளக்கில் மேலே எரிந்தால் நிற்பார், கீழே எரிந்தால் போவார். தக்காளியை அழுத்திப் பார்த்து வாங்குவார். கடையில் ரெங்கசாமி ஒவ்வொரு சேலையை விரிக்கும்போதும், “மயில்கழுத்துப் பச்ச மொதலாளி, அரக்கு பார்டர்” என்று ராகம் போட்டுச் சொல்வார். காக்கா அதை அப்படியே வாடிக்கையாளரிடம் இன்னும் அழகாகச் சொல்வார். முதலாளியிடம் நிறத்தைச் சொல்லிவிட்டு விரிப்பது கடை மரியாதை என்று ரெங்கசாமி நினைத்திருந்தார். தேநீரோடு வந்து விஷயம் கேட்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப நான் லீவுல இருந்த நாளெல்லாம்?” என்றார். அந்த நாட்களில் விற்ற சேலைகளை நினைத்து அவருக்கு வியர்த்துவிட்டது.

ஜெயராஜ் மட்டும் விளக்கை விடவில்லை. “பாஸ், நாலு லைட்டு இருக்குமே பக்கத்துல. அது எத்தன தெரியும் உங்களுக்கு?”

“சில நாள் ரெண்டு தெரியும். சில நாள் நாலு. சில நாள் ஒண்ணுமே இருக்காது.”

ஜெயராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். “அது எப்பவும் நாலுதான் பாஸ்! சரியான ஒயரத்துல வந்தா ரெண்டு வெள்ள, ரெண்டு செவப்பு. ரொம்ப மேல இருந்தா நாலும் வெள்ள. ரொம்பக் கீழ இருந்தா நாலும் செவப்பு. உங்க கண்ணுக்குச் செவப்பு இருட்டோட இருட்டாப் போயிருது. ஒண்ணும் தெரியலன்னா என்ன செய்வீங்க?”

“லைட்டு தெரியலியேன்னு தேடிக்கிட்டு இன்னும் கீழ போவேன்.”

“நாலும் தெரிஞ்சா?”

“ஆஹா, இன்னிக்கு நல்லாத் தெரியுதேன்னு அப்படியே போவேன்.”

“அதான் பாஸ்! சாகப்போறீங்கன்னு அது கத்தும்போது கிட்டப் போறீங்க. ஒயரத்தத் தாண்டிட்டீங்கன்னு சொல்லும்போது சந்தோஷப்படுறீங்க!”

பொண்ணு வீட்டார் அன்று சேலை எடுக்காமல் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். தனலெட்சுமிதான் உட்கார்ந்து, “ரெங்கசாமி அண்ணே, நீங்க கலரப் பாருங்க. அங்கிள், நீங்க துணியப் பாருங்க” என்று சொல்லிக் கல்யாணத்துக்கு வேண்டிய அத்தனையும் அங்கேயே எடுத்தாள்.

அன்று மாலை வீட்டில் நடந்ததை முத்து பீவியே பிறகு தெரு முழுக்கச் சொன்னார். அதனால் நான் சொல்வதில் தப்பில்லை.

காக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் முத்து பீவி எழுந்து போய், அலமாரியிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்து வந்து அவர் மடியில் போட்டார்.

“இது என்ன கலரு?”

“இதக்கூடவா தெரியாது? செவப்பு. நானே என் கையால எடுத்தது.”

“பச்சைங்க. நல்ல கரும்பச்ச.”

காக்கா சேலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“கல்யாணமான புதுசுல இருந்தே, ‘அந்தச் செவப்புச் சேலையில உன்னப் பாத்ததும் மனசு போயிருச்சு’ன்னு அடிக்கடி சொல்வீங்களே, ஞாபகம் இருக்கா?”

“ஏன் இல்ல? இப்பவும் சொல்வேன்.”

“நான் செவப்பே கட்டினதில்லைங்க. யாரயோ நெனச்சுக்கிட்டு வாய் தவறி எங்கிட்டச் சொல்றீங்கன்னு நெனச்சேன். இத்தன வருஷமா அந்தச் செவப்புச் சேலக்காரி யாருன்னு தேடிக்கிட்டிருக்கேன்.”

காக்கா சேலையிலிருந்து கையை எடுத்தார். “கண்டுபிடிச்சியா?”

“மூணு பேரு மேல சந்தேகம். ஒருத்தி செராஸ்ல இருக்கா. ஒருத்தி மௌத்தாயிட்டா. ஒருத்தி கீழ் வீட்டுத் தையக்காரர் பொண்டாட்டி.”

அந்த மூன்றாவது ஆள் என் மனைவி. அவளுக்குச் சிவப்பு என்றால் உயிர். பதினைந்து வருஷமாக ஒரே கட்டடத்தில் இருந்தும் முத்து பீவி அவளைப் பார்த்து ஏன் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை என்று நாங்கள் யோசிக்காத நாளில்லை.

முத்து பீவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அது அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. காக்கா என்ன செய்வதென்று தெரியாமல் சேலையை மடிக்க ஆரம்பித்தார். மடித்து முடித்துவிட்டு, “அப்ப பச்சையில நீ எப்படி இருப்ப?” என்று கேட்டாராம்.

“நல்லாத்தான் இருப்பேன். நீங்கதான் பாத்திருக்கீங்களே.”

மறுநாள் காலையில் முத்து பீவி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, என் மனைவிக்கு ஒரு தட்டு இடியாப்பம் கொடுத்தார். “ஞாயித்துக்கெழம வாங்களேன், பினாங்கு போறோம்” என்றார். என் மனைவி பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

அந்த ஞாயிறு கூடம் நிறைந்துவிட்டது. சௌதா கிள்ளானிலிருந்து சமாதானமாகி வந்திருந்தார். ரெங்கசாமி முதல்முறையாக வந்து கடைசி வரிசையில் கை கட்டி உட்கார்ந்தார். கணவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு முத்து பீவி உட்கார்ந்தார். காக்கா பிஸ்மில்லா சொல்லிக் கிளப்பினார்.

கறிபாப் அன்று யாருக்கும் இறங்கவில்லை. பினாங்கு நெருங்கியது. இருட்டில் ஒரு கோடாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

“இப்ப சொல்லு” என்றார் காக்கா.

“நாலும் வெள்ளைங்க.”

“நல்லது.”

“நல்லதில்லைங்க! ஒசரத்துல இருக்கோம். எறக்குங்க.”

காக்கா இறக்கினார்.

“மூணு வெள்ள, ஒரு செவப்பு. இன்னும் கொஞ்சம்... ரெண்டு ரெண்டு. அப்படியே வாங்க. அப்படியே.” பிறகு குரல் ஏறியது. “மூணு செவப்புங்க! தூக்குங்க, தூக்குங்க!”

“எனக்கு ஒண்ணுதான் தெரியுது!”

“நான்தான் சொல்றேன்ல, மூணும் செவப்பு! தூக்குங்க!”

“லாத்தா சொல்றத கேளுங்க மச்சான்!” என்று சௌதா பின்னாலிருந்து கத்தினார்.

காக்கா தூக்கினார். “ரெண்டு ரெண்டு” என்றார் முத்து பீவி. “பச்ச வருது. குறுக்க பச்ச. தாண்டிட்டோம்.”

கம்ப்யூட்டரில் இருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. டயர் தரையைத் தொடும் சத்தம். நாங்கள் யாரும் அதைக் கேட்டதே இல்லை. ஓரத்து வெள்ளை மஞ்சளாக மாறியதைப் பார்த்து முத்து பீவி பிரேக் போடச் சொன்னார். விமானம் சிவப்புக்கு முன்னால் நின்றது. ரெங்கசாமி எழுந்து கை தட்டினார். சௌதா அக்காளைக் கட்டிக்கொண்டார். செட்டியார் சன்னல் வழியே பட்டறையைப் பார்த்துவிட்டு, “பினாங்கு ரொம்ப மாறிப்போச்சு” என்றார். காக்கா கீபோர்டின் மேலிருந்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். முத்து பீவி அதன்மேல் தன் கையை வைத்து, “எறங்கியாச்சுங்க” என்றார்.

அப்புறம் சில மாதத்தில் அவர்கள் இருவரின் இடமும் மாறிவிட்டது. விளக்கைப் பார்த்துச் சொல்லி, அவர் கேட்டு, பிறகு கையை அசைப்பதற்குள் நேரம் போகிறது என்று முத்து பீவியே ஓட்டத் தொடங்கினார். ஜெயராஜ் கல்யாணத்துக்குப் பிறகு மனைவியோடு ஒருமுறை வந்தான். கிளம்பிய ஐந்தாவது நிமிஷம் அவனுக்கு வாந்தி வந்துவிட்டது. ஆனாலும், “ஆன்டி ஏர்லைன்ல ஓட்டுறவங்க மாதிரி ஓட்டுறாங்க” என்று கழிவறையிலிருந்தே சொன்னான். காக்கா தேநீரும் கறிபாப்பும் எடுத்துக்கொண்டு வரிசையாக வருவார். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. நாற்காலிக்கு நாற்காலி நின்று, துணியைத் தொட்டுப் பார்த்து, இது எங்கே எடுத்தது என்று விசாரிக்க அவருக்கு நேரம் கிடைத்தது.

ஒரு ஞாயிறு, பாதி வழியில் சோமசுந்தரம் செட்டியார் கையைத் தூக்கினார்.

“ஆச்சி, வழியில ஈப்போல நிக்குமா? என் சகலபாடி வீடு அங்கதான்.”

முத்து பீவி கொஞ்சம் யோசித்தார். “நிக்கலாம் செட்டியாரே. ஆனா சட்டுன்னு எறங்கிரணும்.”

விமானம் திரும்பியது. ஈப்போவில் அந்த நான்கு விளக்கு இருந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. முத்து பீவி மெதுவாக இறக்கி நிறுத்தினார். செட்டியார் எழுந்து, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டு, பையை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிப் படியிறங்கிப் போனார். கதவைச் சாத்திவிட்டு விமானம் பினாங்குக்குக் கிளம்பியது.

புதன்கிழமை ஒரு தைத்த ரவிக்கையைக் கொடுக்கச் செட்டியார் வீட்டுக்குப் போனேன். உள்ளே அவர் இருமுவது கேட்டது. அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, ரவிக்கையை வாங்கிக்கொண்டார்.

“செட்டியார் இருக்காரா ஆச்சி?”

அந்த அம்மாள் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு களைத்துப்போன குரலில், “ஈப்போ போயிருக்காரு தம்பி. ஞாயித்துக்கெழம ஏத்திக்கிட்டு வரச் சொல்லுங்க” என்றார்.